கொழுப்பை அறியும் உயிரணுக்கள்

க்ஷயரோகக் கிருமியைக் காண விரும்பும் பரிசோதகர், நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயத்தை ஊற்றி ஆவி எழும்வரை சூடாக்கி, பின்னர் அமிலத்தால் அலசும்போது, மற்றவையெல்லாம் நிறமிழந்து போக, அக்கிருமி மட்டும் சிவந்தே நிற்கிறது. அதன் மேலுறையில் மைகோலிக் அமிலம் என்னும் மெழுகு போன்ற கொழுப்பு செறிந்திருப்பதே இதற்குக் காரணம். கிருமிக்குக் கவசமாக அமைந்த அந்தக் கொழுப்பைக் கொண்டே நமது சரீரம் அதனை இனங்கண்டுகொள்ள வல்லது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விசேஷம்.

நம் இரத்தத்தில் சஞ்சரிக்கும் நோயெதிர்ப்பு உயிரணுக்களான டி செல்கள் கிருமியை நேராக அறிவதில்லை. வேறோர் உயிரணு அதன் புரதத் துணுக்கை எம்.எச்.சி. என்ற மூலக்கூறில் ஏந்திக் காட்டும்போது, டி செல்லின் ஏற்பி அவ்விரண்டையும் சேர்த்தே தொட்டு அறிகிறது. இவ்வாராய்ச்சிக்கு 1974-இல் கான்பெராவில் அடிகோலிய டோஹர்ட்டி, ஸிங்கர்நாகல் என்ற விஞ்ஞானிகள் 1996-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். புரதமன்றி வேறெதையும் டி செல்கள் இவ்வாறு அறியமாட்டா என்ற எண்ணம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1994-இல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், சி.டி.1பி என்ற மூலக்கூறு ஏந்திக் காட்டிய மைகோலிக் அமிலத்தை மனித டி செல்கள் அறிவதை நிரூபித்தபோது, அவ்வெண்ணம் கைவிடப்பட்டது.

சி.டி.1பி-யின் உள்ளே ஒன்றோடொன்று தொடர்புள்ள நான்கு குழிவுகள் உண்டு. கொழுப்பின் நீண்ட வால்கள் அவற்றினுள் மறைந்துவிட, தலைப்பகுதி மட்டும் வெளியே தலைநீட்டுகிறது. குளுக்கோஸ் சேர்ந்த மைகோலிக் அமிலத்தை அறியும் ஓர் ஏற்பியின் அமைப்பை 2016-இல் படிக வடிவில் ஆராய்ந்தபோது, அது அந்தச் சர்க்கரைத் தலையைச் சாமணத்தின் இரு முனைகள்போல் இருபுறமும் பற்றிப் பிடித்திருந்தது கண்கூடாயிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்ததும் தோலில் மிகுதியாக உள்ளதுமான சி.டி.1ஏ-யின் சுபாவமோ வேறு. அதனை அறியும், 2015-இல் ஆராயப்பட்ட ஓர் ஏற்பி, கொழுப்பைத் தொடாமல், சி.டி.1ஏ-யின் புறப்பரப்பையே தொட்டு நின்றது. கொழுப்பு குழிவுக்குள் அடங்கியிருந்தால் அதற்குத் தடையில்லை. பெரிய தலை வெளியே துருத்தி நின்றால் பிணைப்பு கெட்டுவிடும். ஆக, ஒரே குடும்பத்து மூலக்கூறுகளிலும், கொழுப்பின் தலையைப் பற்றி அறிவது ஒரு முறை. கொழுப்பு குறுக்கிடாதிருப்பதால் அறிவது மற்றொரு முறை.

இதில் வைத்திய சாஸ்திரத்திற்குப் பெரும் பிரயோஜனம் உண்டு. எம்.எச்.சி. மனிதருக்கு மனிதர் வேறுபடுவதால், ஒருவருக்குப் பொருந்தும் புரதத் துணுக்கு மற்றவருக்குப் பொருந்தாமற் போகலாம். சி.டி.1 மூலக்கூறுகளோ எல்லா ஜாதி மனிதரிடமும் ஏறக்குறைய ஒரே அமைப்புடையவை. எனவே ஒரு கொழுப்பைக் கொண்டு ஆக்கும் தடுப்பு மருந்து அனைவரிடத்தும் ஒரே விதமான எதிர்ப்பை எழுப்பக்கூடும் என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால், அதனைச் சோதிக்க உதவும் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியிடம் சி.டி.1பி அறவே இல்லை. கினிப் பன்றியிடம் உண்டு. ஆதலால் சுண்டெலியை மட்டும் நம்பியிராமல், பொருத்தமான பிராணிகளையும் மனிதனின் டி செல்களையுமே நேராகப் பொறுமையோடு ஆராய்வதில்தான் அம்மருந்துக்கான வழி இருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்கு நாம் தாராளமாக ஆதரவளிக்க வேண்டும்.