நான்-ஸ்டிக் தவாவுக்கு ஏற்ற கரண்டி

நான்-ஸ்டிக் தவாவில் தோசை ஒட்டாமல் எழும்பி வரக் காரணம், அதன் மேல் உள்ள டெஃப்லான் பூச்சு. 1938-இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பொருள் இது. பூச்சு மிக மெல்லியது. எவர்சில்வர் தோசைத் திருப்பியின் முனை பட்டால் கீறல் விழும். கீறிய இடத்தில் மாவு பிடிக்கும். பூச்சும் உரியத் தொடங்கும்.

சிலிக்கோன் கரண்டி ரப்பர்போல மென்மையானது, பூச்சைக் கீறாது. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி அமைப்பு அதற்குச் சூடு தாங்கும் வலிமையைத் தருகிறது. தரமான சிலிக்கோன் 200 டிகிரி செல்சியசுக்கு மேலும் தாங்கும். நைலான் கரண்டியின் முனையோ அதிகச் சூட்டில் இளகி வளைந்துவிடும்.

வாங்கும்போது உணவுக்கு உகந்தது என்ற குறிப்பையும் தாங்கும் வெப்ப அளவையும் பார்க்க வேண்டும். தலையும் பிடியும் இணைப்பில்லாமல் ஒரே வார்ப்பாக இருந்தால் இடுக்கில் எண்ணெயும் மாவும் தங்காது. உள்ளே எஃகுத் தண்டு இருந்தால் கெட்டியான உப்புமாவைக் கிளறும்போது வளையாது. தோசைக்கு முனை மெலிந்தும், கிளறுவதற்குத் தடித்தும் இருப்பது நல்லது.

சிலிக்கோனில் மஞ்சள் கறையும் மசாலா வாசனையும் எளிதில் ஏறும். பயன்படுத்தியவுடன் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடுப்புத் தீயில் நேரடியாகப் படவிடக் கூடாது. முனை கிழிந்தாலோ வெடித்தாலோ கரண்டியை மாற்றிவிட வேண்டும்.