கொதிநீருக்கு எந்தக் குழாய்?



திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, களம்பூர் என்று சொன்னாலே அரிசி ஆலைகள்தான் நினைவுக்கு வரும். நெல்லைப் புழுக்க நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர் வேண்டும். உமியை எரித்து ஓட்டும் சின்னப் பாய்லர் ஒன்றை வைத்து, நம் நெல்லை நாமே புழுக்கி விற்றால் என்ன என்று உழவர் குழுக்களும் யோசிப்பதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பாய்லரைப் பத்துத் தடவை பார்த்து வாங்குகிறவர்கள், அதிலிருந்து வெளியே போகிற தண்ணீருக்கு எந்தக் குழாய் என்று பார்ப்பதில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஆலை. பெயர் வேண்டாம். போர்வெல் போட்டதில் மீந்த பி.வி.சி. குழாய் நாலு துண்டு கிடந்தது. "தண்ணிதானே போகுது, இது போதாதா?" என்று பாய்லரின் அடிவால்விலிருந்து வாய்க்கால் வரைக்கும் அதையே மாட்டிவிட்டார்கள். வால்வைத் திறந்ததும் குழாய் இளகி, மூட்டு கழன்று போயிற்று. பக்கத்தில் நின்ற பையனுக்கு இரண்டு காலும் வெந்துவிட்டது. மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். பையன் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ஏன் இப்படி ஆயிற்று? வீட்டுப் பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாய்லருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருந்தால், தண்ணீரின் சூடு சுமார் 158 டிகிரி. அது வெளியே வந்த மாத்திரத்தில், 100 கிலோ தண்ணீரில் சுமார் 11 கிலோ ஆவியாகச் சீறிக் கிளம்பும். பி.வி.சி. குழாய்க்கோ 45 டிகிரிதான் வரம்பு. 80 டிகிரியை நெருங்கினால் வாட்டிய வாழையிலை போலத் துவண்டுவிடும். "சி.பி.வி.சி. சுடுதண்ணிக்குத் தாங்குமே" என்பீர்கள். சுடுதண்ணீருக்குத் தாங்கும்; ஆவிக்கு ஆகாது.

பாய்லர் ஆலையில் மூன்று வகைத் தண்ணீர் வெளியே வருகிறது. மூன்றுக்கும் ஒரே குழாய் சரிப்படாது.

முதலாவது, பாய்லர் அடியில் தேங்கும் உப்பையும் சேற்றையும் திறந்துவிடும் தண்ணீர். இதற்குத் தையல் இல்லாத கனமான இரும்புக் குழாய்தான். கடையில் 'சீம்லெஸ்' என்று கேளுங்கள். பாய்லருக்கு உரிய சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வளைவுகள் அகலமாக இருக்கட்டும். குழாயை வாய்க்காலில் விடாமல், மூடியுள்ள ஒரு தொட்டியில் விடுங்கள். தொட்டியிலிருந்து ஆவி போக, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு போக்கி வையுங்கள். தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு வேண்டுமானால் மீந்த பி.வி.சி. குழாயைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். வயலுக்கோ ஏரிக்கோ திருப்பாதீர்கள்.

இரண்டாவது, உலர்த்தும் இயந்திரத்தின் நீராவிக் குழாய்ச் சுருளில் ஆவி குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர். இது சுத்தமான தண்ணீர். திரும்பப் பாய்லர் தொட்டிக்கே கொண்டுபோனால் உமி மிச்சம். தொட்டித் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு குறையும். 30 டிகிரியை 60 ஆக்கினால், 100 மூட்டை உமி எரிக்கிற இடத்தில் 95 மூட்டை போதும்.

ஆனால் இந்தச் சுத்தமான தண்ணீர்தான் குழாயை அரிக்கும். போர்வெல் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் உப்பு, பாய்லர் சூட்டில் பிரிந்து கரியமில வாயுவாகி ஆவியோடு போகிறது. ஆவி குளிரும்போது அது தண்ணீரில் கரைந்து, புளிப்பு நீராகி, குழாயின் அடிப்பக்கத்தையும் மரை வெட்டிய இடத்தையும் தின்றுவிடும். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு இதற்கு நிற்காது. 304 தர எவர்சில்வர் குழாய் மிக நல்லது. "விலை அதிகமாச்சே" என்றால், கனமான இரும்புக் குழாயைப் போடுங்கள். திருவண்ணாமலை டவுன் கடையில் ஐ.எஸ். 1239 குழாய் வாங்கும்போது வண்ணக் கோட்டைப் பாருங்கள். மஞ்சள் என்றால் லேசு; நீலம் நடுத்தரம்; சிவப்பு கனம். நமக்கு வேண்டியது சிவப்பு. 100 அடிக்கு ஓர் அடி சரிவு கொடுத்து, மேலே சூடு காக்கும் உறையும் சுற்றுங்கள்.

மூன்றாவது, நெல் ஊறிய தொட்டித் தண்ணீர். சுடுநீரில் ஊறவைக்கும் முறையில் அது 70 டிகிரி வரை இருக்கும்; பி.வி.சி.க்கு அதுவும் அதிகம். நெல்லின் கசிவு கலந்திருப்பதால் பாய்லருக்குத் திருப்பவும் கூடாது. இங்கே சி.பி.வி.சி. போடலாம்.

இன்னொன்று. பாய்லரின் பாதுகாப்பு வால்விலிருந்து போகும் குழாயில் எந்த வால்வும் வைக்காதீர்கள். அதன் வாயைச் சிறிதாக்கவும் வேண்டாம். வேலையை ஆரம்பிக்கும் முன்னே கொதிகலன் துறை அதிகாரியிடம் வரைபடத்தைக் காட்டுங்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. பதிவும் வருடாந்தரச் சோதனையும் நம் ஆட்களின் உயிருக்காகத்தான்.

குழாய் வாங்கப் போகும்போது முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இதில் போகப் போகிற தண்ணீர் எவ்வளவு சூடு? அதற்குப் பதில் தெரிந்த பிறகு விலையைக் கேளுங்கள்.