வருஷப் பிறப்புச் சோறு

(சங்கத்தின் பங்குனி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வரவிருக்கும் சித்திரை வருஷப் பிறப்பைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதன் தத்துவத்தை விளக்குவோம் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அன்று உண்ணும் சோறு. பசிவேளையிற் கூட்டம் வைத்த குற்றம் எம்முடையதன்று.

சூரியன் மீன ராசியை விட்டு மேட ராசியிற் புகும்போது ஆண்டு பிறக்கிறது. மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில், பூகோள ஆசிரியர் ஒருவர் எம்மை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். "பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. உங்கள் வசந்தம் மட்டும் ஏன் ஏப்ரல் 14 இல் வருகிறது?" விடை தெரியாமல் விழித்தோம். பின்னர்தான் அறிந்தோம்: எம் முன்னோர் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணித்தார்கள். அக்கணக்குக்கும் பருவக் கணக்குக்கும் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒருநாள் வேறுபாடு உண்டாகும். 1700 ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த வேறுபாடே அந்த இருபத்துநான்கு நாள். போதாக்குறைக்கு யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரம் சொல்லும். ஒரே வேலியின் இருபுறத்திலும் ஆண்டு இருமுறை பிறக்கும்.

வேப்பமரத்துக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது. பங்குனி வெயில் ஏறியதும் அது பூத்துவிடுகிறது.

வேப்பம்பூ வடகத்தை உண்ணாதவர் இம்மண்டபத்தில் இருக்கமாட்டார். செய்தவர் எத்தனை பேர்? மரத்தடியிற் பழஞ்சேலையை விரித்துப் பூவைச் சேர்க்க வேண்டும். காம்பும் தூசும் நீக்க வேண்டும். ஊறவைத்து அரைத்த உழுந்தோடு செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், சீரகம், உப்புச் சேர்த்துப் பிசைந்து, சிறு வட்டங்களாகத் தட்டிச் சுளகிற் பரப்பி, நாலைந்து நாள் காயவிட வேண்டும். காகத்துக்குக் காவலிருக்க வேண்டும். பொழுதுபட உள்ளே எடுக்க வேண்டும். இத்தனையும் செய்த பின், வருஷப் பிறப்பன்று இலையின் ஓரத்தில் அது கறுப்பாக வந்து விழும். இரண்டு கடியில் முடிந்துபோகும்.

இந்த வேலையை நாம் முதன்முதற் கண்டது 2020 ஆம் ஆண்டில். அதற்கு முன் விடுதிச்சாலையிலிருந்து கொண்டாட்டத்துக்குச் சில நாள் முன்னரே வீடு வருவோம். அப்போது பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் டின்னுக்குள் இருக்கும். அவை எப்படி வந்தன என்று நாம் கேட்டதில்லை. அவ்வாண்டு கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மார்ச் மாதத்திலேயே மூடப்பட்டன. பின்னர் ஊரடங்கு வந்தது. வீட்டில் அடைபட்ட நாம், வேறு போக்கிடமின்றிக் குசினி வாசலிற் குந்தியிருந்து ஆச்சியின் கைகளைப் பார்த்தோம்.

அந்தச் சித்திரையிற் கோயிலுக்குப் போக வழியில்லை. ஐயரிடமிருந்து மருத்துநீர் வரவில்லை. தாழம்பூவுக்கும் தாமரைப்பூவுக்கும் எங்கே போவது? ஆச்சி வளவிற் கிடைத்த துளசி, வில்வம், அறுகு ஆகியவற்றோடு மஞ்சளும் மிளகும் பாலும் சேர்த்துத் தாமே காய்ச்சினார். அதைத் தலையில் வைத்தே எல்லோரும் முழுகினோம். முற்றத்திற் கோலமிட்டு, மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினார். பச்சையரிசி நாலு சுண்டு, வறுத்த பயறு ஒரு சுண்டு, தேங்காய்ப் பால், சர்க்கரை. கடையிற் சர்க்கரை தட்டுப்பாடாக இருந்தபடியாற் பாதிக்குப் பனங்கட்டி. நண்பகலிற் சோற்றோடு முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், மாங்காய் போட்ட பருப்பு. எல்லாம் வளவுக்குள்ளேயும் பக்கத்து வளவிலும் விளைந்தவை. அப்பா, "இந்த வருஷம் ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அவரே மூன்றுமுறை சோறு கேட்டார்.

எம் விடுதியில் உண்ணுமுன் ஜெபம் உண்டு. கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்தால், சமையற்காரர் கையில் அகப்பையோடு நிற்பார். அப்பழக்கத்தை நாம் இகழவில்லை. உண்ணுமுன் ஒரு கணம் நிற்க அங்கேதான் கற்றோம். வீட்டிலோ இலையைக் கண்டதும் கை நீளும். அன்று மட்டும் நாம் மணிக்கூட்டைப் பார்த்தோம். விடிய மூன்று மணிக்கு எழும்பிய ஆச்சியும் அம்மாவும் இலைக்கு முன் இருந்தபோது மாலை மூன்று மணி. வடகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாம் வெட்கப்பட்டு நின்றோம். ஆச்சி சிரித்தார். "பூ மரத்திலைதானே கிடக்கு, மோனை. அடுத்த வருஷம் கூடச் செய்வம்."

எம் சிங்களச் சகோதரர் வீடுகளில், ஆண்டு மாறும் நேரத்தையொட்டி 12 மணி 48 நிமிடம் அடுப்பு மூட்டுவதில்லை. பின்னர் சுபவேளை பார்த்து அடுப்பை மூட்டிப் பாற்சோறு பொங்குவார்கள். பேராதனையில் உடன்படிக்கும் நண்பர் ஒருவர் இதை விவரித்தபோது எமக்கு ஆச்சியின் நினைவு வந்தது. இரு சாராருக்கும் புத்தாண்டு அடுப்படியைக் கடந்துதான் வெளியே வருகிறது. போர்த்தேங்காயும் வண்டிச் சவாரியும் கைவிசேஷமும் பிறகுதான்.

ஆச்சி 2023 ஐப்பசியிற் சிவபதமடைந்தார். ஆண்டுத் திவசம் முடியுமட்டும் எம் வீட்டிற் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. ஆகவே குரோதி வருஷம் ஓசையின்றிப் பிறந்தது. 2025 இல் விசுவாவசு வருஷம் நெருங்க, வடகம் போட வேண்டுமென்று பேச்சு எழுந்தது. அளவு யாருக்கும் தெரியவில்லை. அம்மா கறிகளைப் பார்ப்பார், ஆச்சி வடகத்தைப் பார்ப்பார். இருபத்தைந்து ஆண்டு அப்படியே ஓடிவிட்டது. அறுசுவையைப் பற்றி ஐந்து பக்கம் எழுத வல்ல எமக்கு, உழுந்துக்குப் பூ எவ்வளவு என்று எழுத முடியவில்லை.

வடமராட்சியில் இருக்கும் ஆச்சியின் தங்கையாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். "அது கைக்குத்தான் தெரியும், மோனை. வாய்க்குத் தெரியாது. இஞ்சை வா" என்றார். சனிக்கிழமை நாமும் தம்பியும் போனோம். அவர் அள்ளிப் போடுமுன் கையை மறித்து, சுண்டில் அளந்து, கொப்பியிற் குறித்தோம். ஒரு சுண்டு உழுந்துக்கு இரண்டு சுண்டு பூ. "இதென்ன சோதனைச்சாலையோ" என்று கிழவி கோபித்தார்.

வீட்டுக்கு வந்து நாமே செய்தோம். உப்புக் கூடிவிட்டது. வருஷப் பிறப்பன்று அம்மாவை முதல் இலையில் இருத்திப் பரிமாறினோம். பழக்கமில்லாதபடியால், அடுப்பில் ஏதோ கிடக்கிறதென்று இருமுறை எழும்பினார். இருமுறையும் இருத்தினோம். அப்பா வடகத்தைக் கடித்தார்; ஒன்றும் சொல்லாமற் தண்ணீர் கேட்டார். அம்மா தம் இலையில் இருந்ததை முடித்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

நம் சங்கத்துச் சித்திரை விருந்துக்குச் சில ஆண்டுகளாகச் சோறு கடையிலிருந்து பார்சலாக வருகிறது. அதில் அப்பளம் உண்டு, வடகம் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வேம்பு நிற்பதை எல்லோரும் அறிவீர்கள். பூ உதிரத் தொடங்கிவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்கு நாம் பழஞ்சேலையோடு அங்கே நிற்போம். சுளகு வைத்திருப்போர் கொண்டுவரலாம். காகம் கலைக்கச் சிறுவர் நால்வர் வேண்டும்; அவர்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். உப்பை மட்டும் தாய்மார் யாராவது வந்து பார்த்துப் போடுமாறு வேண்டுகிறோம்.