செருப்பில் ஏறிய பயம்

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1940களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் அதை மறுத்தார். மரத்துப்போன கைக்குச் சூடும் காயமும் தெரிவதில்லை, கவனிக்கப்படாத புண்தான் விரலை அழிக்கிறது என்று விளக்கினார். மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். ஆனாலும் நிமிர்ந்த கைகளுக்கு வேலை தர ஆளில்லை. மரத்த பாதங்களைக் காக்க, கரிகிரி போன்ற தொழுநோய் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு தரப்பட்டது. நாளடைவில் அந்தச் செருப்பைக் கண்டே ஊரார் விலகினார்கள். அதற்கு அஞ்சிப் பலர் அதை அணியாமல் விட்டார்கள். பாதத்தில் புண் வந்தது.

பயம் இப்படிச் செருப்புக்குத் தாவுவது எப்படி? 1920இல் அமெரிக்காவில் வாட்சன், ரேய்னர் என்ற இருவர், ஒரு குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பேரொலி எழுப்பினார்கள். குழந்தை எலிக்கு மட்டுமல்ல, முயலுக்கும் ரோமக் கோட்டுக்கும் அஞ்சத் தொடங்கியது. அங்கே பயம் தோற்ற ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு பரவியது. வளர்ந்த மனிதரிடம் அது பொருள் தொடர்பைப் பிடித்துக்கொண்டும் பரவும். கிருமிக்கும் செருப்புக்கும், குணமானவரின் மகள் கல்யாணத்துக்கும் உருவ ஒற்றுமை ஏது? மனம்தான் அவற்றை ஒரே குடும்பமாக்கிவிடுகிறது.

மருந்தில்லாத காலத்தில் அந்த அச்சம் நியாயம்தானே என்று கேட்கலாம். கிருமியைப் பொறுத்தவரை சரி. ஆனால் கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் நீங்கியதோ 2019இல். மருந்து வந்த பின்னும் நின்ற அச்சத்தை எச்சரிக்கை என்று சொல்ல என்னால் முடியாது.

விளக்கிச் சொன்னால் போதாதா? போதாது. கற்ற பயம் அழிவதில்லை. அதன் பக்கத்தில் ‘இது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் சேர்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாடமும் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் அஞ்சாதவர் பேருந்தில் அஞ்சக்கூடும். அதனால்தான் கடைச் செருப்பைப் போலவே பாதுகாப்புச் செருப்பையும் செய்வது எனக்குப் பாதித் தீர்வாகவே படுகிறது. பாதம் பிழைக்கும், அது அவசரம், செய்தே ஆகவேண்டும். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர், தான் யாரோடு பயமின்றிப் பயணம் செய்தார் என்பதை அறியாமலே இறங்கிவிடுகிறார். அவர் பயம் கலையவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் குணமானவர் என்று தெரிந்தே ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி வேலை செய்யும்போதுதான் அது கலையத் தொடங்கும்.