அரைச் சேர் தண்ணீர், மூன்று விரல் உப்பு

காலராவில் உயிரைக் கொண்டுபோவது உடலைவிட்டு வெளியேறும் நீர். காலையில் நன்றாக இருந்தவரின் கண் மாலைக்குள் குழி விழுகிறது, குரல் அடைத்துப்போகிறது, கிள்ளிவிட்ட தோல் மடிப்பு படியாமல் அப்படியே நிற்கிறது, நாடி விரலுக்கு அகப்படுவதில்லை. போன நீரையும் உப்பையும் போன அளவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் இரண்டொரு நாளில் அதே ஆள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கிறார். டாக்காவில் ஊரார் ‘காலரா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கும் மருத்துவமனையின் கட்டில் இந்த வரவுசெலவுக்காகவே செய்யப்பட்டது. விரிப்பின் நடுவில் ஓட்டை, அடியில் வாளி. வாளியில் எத்தனை லிட்டர் சேர்கிறதோ அத்தனை லிட்டர் நோயாளிக்குள் போயாக வேண்டும்.

பட்டம் பெறுவோருக்கும் அவர்களைப் படிக்க வைத்த வீட்டாருக்கும் வாழ்த்து. அழைத்த பல்கலைக்கழகத்துக்கு நன்றி. பட்டமளிப்பு மேடையில் வாளியைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லைதான். ஆனால் பணமில்லாத ஒரு நாட்டில் மருத்துவ ஆராய்ச்சி எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் முடங்கிக்கொள்கிறது, முடங்கியதை யார் நகர்த்துகிறார்கள் என்பதற்கு வங்கதேசத்தின் வயிற்றுப்போக்கு வரலாற்றைப் போல இன்னொரு பாடம் கிடைப்பது அரிது.

குடிக்கக் கொடுக்கும் உப்புக்கரைசலைக் கண்டுபிடித்த கதை சிறியது. 1953-இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துத் தேற்றியதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லாத ஆய்வு என்பதால் உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடலின் சுவர் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது அதனோடு சோடியத்தையும் சேர்த்தே இழுக்கிறது, சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகிறது என்ற விளக்கத்தை 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். காலராவின் நஞ்சு குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கிறதே தவிர இந்த வாசலை அடைப்பதில்லை. அதே 1960-இல், அப்போது பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் பாகிஸ்தான்-சீட்டோ காலரா ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. ஏழைகளின் நோய்க்கு ஆய்வுக்கூடம் கட்ட ஒரு ராணுவக் கூட்டணியின் பெயர் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்கலாம். அங்கே டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள் வங்காளி சகாக்களோடு சேர்ந்து, வாளியில் விழுந்ததை அளந்து அதே அளவு கரைசலைக் குடிக்க வைத்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய சலைனின் தேவை 80 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு 1968-இல் வெளியானது.

1971-இல் வங்கதேச விடுதலைப் போர் வந்தது. அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. எல்லையோரப் பன்காவ் மருத்துவமனையில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் பார்த்தது, தரையில் இடமில்லாமல் கிடந்த நோயாளிகளையும் தீர்ந்துகொண்டிருந்த சலைன் பாட்டில்களையும்தான். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, முகாமில் டிரம்மில் கரைத்து, நோயாளியின் அண்ணனிடமோ அம்மாவிடமோ குவளையைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். மரணம் ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாக இறங்கியது. 1978-இல் லான்செட் தலையங்கம் இதை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடியது என்று எழுதியது. மகலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023-இல், அவர் காலமாகிச் சில மாதங்கள் கழித்து.

இந்த உரையாளர் மருத்துவம் படித்த காலத்தில் உப்புக்கரைசல் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம். தேர்வில் அதிலிருந்து ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். எத்தனை கிராம் எது என்று மனப்பாடம் செய்தால் போதும். வார்டில் மதிப்பு ஊசி குத்தத் தெரிந்தவனுக்கு. வற்றிப்போன குழந்தையின் கையில் நரம்பைப் பிடித்துவிட்ட மாணவன் அன்று முழுவதும் நிமிர்ந்து நடப்பான். குவளையும் கரண்டியுமாக உட்கார்ந்து ஊட்டுவது தாயின் வேலை, ஆகவே அது மருத்துவம் அல்ல என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பு எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை அடுத்து நடந்தது காட்டுகிறது.

1970-களின் இறுதியில் கரைசலின் சூத்திரம் உலகத்துக்குத் தெரியும். வங்கதேசத்தின் கிராமத்துத் தாய்க்குத் தெரியாது. பொட்டலம் செய்ய ஆலை போதவில்லை, கொண்டுபோகச் சாலை இல்லை. மழைக்காலத்தில் பாதி நாடு தண்ணீருக்குள் இருக்கும். 1972-இல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு அமைப்பு 1979-இல் வேறு வழியில் யோசித்தது. எல்லா வீட்டிலும் உப்பும் வெல்லமும் இருக்கின்றன. மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வங்காளியில் ‘லோபோன்-குர்’, உப்பு-வெல்லம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் தாய்மார் கலக்கிய கரைசலை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஒவ்வொரு தாய்க்கும் நேரில் கலக்கிக் காட்டி, அவர் கையாலும் கலக்க வைப்பது என்று முடிவாயிற்று. பெண்கள் குழுவாக ஊர் ஊராகத் தங்கி, வயல் வரப்பில் நடந்து போனார்கள். பெண் வீட்டைவிட்டு வெளியே வருவதே பேச்சுக்கு இடமாகும் ஊர்களில் அது சின்ன வேலை இல்லை.

சம்பள முறைதான் இதில் சுவையானது. கற்றுக்கொடுத்த வீடுகளின் எண்ணிக்கைக்குக் காசு கிடையாது. சில வாரம் கழித்து, கற்றுக்கொடுத்தவர் உடன் இல்லாமல், சோதனையாளர் ஒருவர் பத்து வீட்டுக்கு ஒரு வீடாகப் பொறுக்கி எடுத்துப் போவார். நினைவில் வைக்கச் சொன்ன பத்து விஷயங்களில் அந்தத் தாய்க்கு எத்தனை நினைவிருக்கிறது, கலக்கிக் காட்டினால் அளவு சரியாக வருகிறதா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே பணியாளருக்கு ஊதியம். ஆசிரியரின் சம்பளத்தை மாணவரின் நினைவாற்றல் தீர்மானிக்கும் இந்த முறையைப் பல்கலைக்கழகங்களுக்குப் பரிந்துரைக்கும் துணிச்சல் இந்த உரைக்கு இல்லை.

தாய்மார் நன்றாகவே நினைவு வைத்திருந்தார்கள். அளவும் பிசகவில்லை. அப்புறம்தான் யாரோ அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: போன தடவை குழந்தைக்கு வயிற்றால் போனபோது கொடுத்தீர்களா? கொடுத்தவர்கள் மிகக் குறைவு.

இப்படி ஓர் எண் வந்தால் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கை எழுதி முடிப்பதுதான் எங்கும் நடப்பது. பிராக் அந்த எண்ணையே ஆராய்ச்சிப் பொருளாக்கியது. முதலில் வெளிவந்தது சொற்சிக்கல். மருத்துவர்கள் ஒரே சொல்லில் அடக்கியதைத் தாய்மார் நான்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். பால்குடிப் பிள்ளைக்கு வருவது ‘தூத் ஹாகா’, தின்றது செரிக்காமல் போவது ‘அஜீர்ணோ’, சளியும் ரத்தமுமாகப் போவது ‘ஆமாஷா’, தண்ணீராய்க் கொட்டி ஆளைச் சாய்ப்பது ‘டைரியா’. பணியாளர்கள் ‘டைரியா’வுக்கு உப்பு-வெல்லம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். தாய்மார் சொன்னபடியே நடந்தார்கள். மற்ற மூன்றுக்கும் கொடுக்கவில்லை. மாந்தம் வேறு, சீதபேதி வேறு என்று பிரித்துப் பேசும் தமிழ் வீடுகளுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

இரண்டாவது, ஆண்கள். வீட்டுக்கு அந்நியப் பெண்கள் வந்து மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள், தன்னிடம் ஒரு வார்த்தை இல்லை என்ற மனத்தாங்கல் கணவன்மாருக்கு இருந்தது. பிறகு கடைத்தெருவிலும் மசூதியிலும் ஆண்களைத் தனியே கூட்டிப் பேசினார்கள்.

மூன்றாவதுதான் எல்லோரையும் சங்கடப்படுத்தியது. பணியாளர்களையே கேட்டபோது, தங்களுக்கு வயிற்றுக்கோளாறு வந்தால் அவர்கள் வாங்கிப் போட்டது மாத்திரை. அடுக்களை உப்பும் வெல்லமும் மருந்து என்று கற்றுக்கொடுத்தவர்களே நம்பவில்லை. அவர்கள் சொன்ன சொல்லை மட்டும் தாய் வாங்கிக்கொண்டார். நம்பிக்கை அதில் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணியாளர்களை அழைத்துப் போய்க் குடலுக்குள் என்ன நடக்கிறது, இது எப்படி வேலை செய்கிறது என்று ஆய்வாளர்களைக் கொண்டு விளக்க வைத்தார்கள். வீடுகளில் கலக்கியதைத் தாய்க்கு முன்னால் தாங்களே ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்கள். அதன் பிறகு பயன்பாடு ஏறியது. 1980 தொடங்கிப் பத்தாண்டில் இந்தப் பெண்கள் போய்வந்த வீடுகள் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல். கண்டுபிடித்த ஆய்வுக்கு எவ்வளவு மூளை வேண்டியிருந்ததோ அதற்குச் சற்றும் குறையாத மூளை இதற்கும் வேண்டியிருந்தது என்பது இந்த உரையாளரின் உறுதியான கருத்து. பரிசுகள் பெரும்பாலும் முதல் வகைக்கே போகின்றன.

விடாமல் எண்ணும் பழக்கத்துக்கு வங்கதேசத்தில் ஓர் ஊரே சாட்சி. டாக்காவுக்குத் தென்கிழக்கே ஆறுகளுக்கு நடுவே உள்ள மத்லப் வட்டாரத்தில் 1966 முதல் ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் குடிபெயர்வும் வீடு வீடாகப் போய்க் குறிக்கப்படுகின்றன. 1974-இல் அங்கே ஒரு காலரா தடுப்பூசியைச் சோதித்தார்கள். ஒப்பீட்டுக்காக மற்றவர்களுக்குப் போட்டது டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி. காலரா ஊசியால் பெரிய பலன் இல்லை. ஆனால் பதிவேட்டைப் புரட்டியபோது, ஒப்பீட்டு ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்குப் பிறந்த சிசுக்கள் குறைவாக இறந்திருந்தன. தொப்புள்கொடி வழியே வரும் டெட்டனஸ் அவர்களைத் தொடவில்லை. பதிவேடு இல்லாதிருந்தால் தோற்றுப்போன சோதனை என்ற ஒற்றை வரியோடு அது முடிந்திருக்கும்.

பழைய சேலைக் கதையும் மத்லப்பினுடையதே. காலராக் கிருமி குளத்து நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ரீட்டா கால்வெல், அன்வர் ஹக் என்ற ஆய்வாளர்களின் குழுவினர், சேலைத்துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடத்து வாயில் கட்டி நீர் வடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலை நன்றாக வடிகட்டும். இழை பிரிந்து கண்கள் சிறுத்துவிடுகின்றன. 65 கிராமங்களில், ஏறத்தாழ 1,33,000 பேரிடையே நடந்த ஆய்வில் காலரா 48 சதவீதம் குறைந்தது. 2003-இல் முடிவு வெளியானது. மெச்ச வேண்டியது, அவர்கள் ஐந்தாண்டு கழித்துத் திரும்பிப் போனதை. யாரும் சொல்லாமலே பெண்களில் 31 சதவீதம் பேர் இன்னும் வடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கலக்கிய உப்பு-வெல்லத்தின் இடத்தைப் பின்னாளில் கரைசல் பொட்டலம் பிடித்துக்கொண்டது. இன்று வங்கதேசத்தில் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும். 2004-இல் உலக சுகாதார நிறுவனம் உப்புச் செறிவு குறைந்த கரைசலையும் கூடவே துத்தநாக மாத்திரையையும் பரிந்துரைத்தது. அதற்கான சான்றுகளில் ஒரு பகுதி வங்கதேசத்தில் திரட்டியது. 1990-இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 140-க்கு மேல் ஐந்து வயதுக்குள் இறந்தன. 2020 வாக்கில் அது ஏறத்தாழ 30. தடுப்பூசி, பெண் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. உப்புக்கரைசலின் பங்கு சிறியதல்ல.

எல்லைக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். என்னும் இந்த உப்புக்கரைசலைப் பெற்றவை 60.6 சதவீதம், துத்தநாகம் பெற்றவை 30.5 சதவீதம். ஏன் என்று தேடிய ஓர் ஆய்வு 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கர்நாடகத்திலும் பீகாரிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவம் பார்ப்பவர்களிடம், இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி நடிகர்களைத் தகப்பன் வேடத்தில் அனுப்பினார்கள். சிலர் ஒன்றும் கேட்கவில்லை, சிலர் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று உணர்த்தினார்கள். கடையில் சரக்கு இல்லாததும் வேறு மருந்தில் கிடைக்கும் லாபமும் காரணமாக இருக்கும் என்றுதான் பலரும் எண்ணியிருப்பார்கள். அவை இரண்டும் சிறு காரணங்களாகவே நின்றன. எழுதிக்கொடுக்காமல் விட்டதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், வந்தவருக்கு உப்புத்தண்ணீர் பிடிக்காது, மாத்திரைதான் எதிர்பார்ப்பார் என்று மருத்துவம் பார்ப்பவரே கருதிக்கொண்டதுதான். ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று உணர்த்தியவர்களுக்கு, ஒன்றும் கேட்காதவர்களைவிட அதிகமாக எழுதிக் கொடுத்தார்கள்.