பதினைந்து கிலோவும் கோல்டு கார்டும்



நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. ஆனால் விமானம் ஏறுகிறவர்கள் இல்லாத ஊரும் இங்கே கிடையாது. குன்னூர், உதகை, கோத்தகிரிக்காரர்கள் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போகிறார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோடு கரிப்பூர். அமெரிக்கா போகிறவர்களில் பலர் மைசூரு வழியாகப் பெங்களூரு போய் ஏறுகிறார்கள். அந்த வழியில் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடாதீர்கள். பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு அடைத்துவிடுவார்கள், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். விமானம் நள்ளிரவில் என்றாலும் நீங்கள் பகலிலேயே காட்டைத் தாண்டிவிட வேண்டும்.

குன்னூரில் இவர்களுக்கெல்லாம் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என் தொழில். பெட்டியைப் பற்றிய கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. அதிலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "நான் இந்த ஏர்லைன்ஸில் மெம்பர். எனக்கு எத்தனை கிலோ கூட விடுவார்கள்?"

வெறும் மெம்பர் என்றால் ஒரு கிலோகூட விடமாட்டார்கள். இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப், இண்டிகோவின் புளூசிப், எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் என்று எந்தத் திட்டத்தில் வேண்டுமானாலும் நீங்கள் காசில்லாமல் சேரலாம். சேர்ந்த அன்றைக்குக் கிடைப்பது ஒரு எண், அவ்வளவுதான். பறக்கப் பறக்கப் பாயின்ட் சேரும். ஒரு வருடத்துக்குள் அவர்கள் வைத்திருக்கும் அளவுக்குப் பறந்தால் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படி ஏறலாம். கூடுதல் எடை என்பது அந்தப் படியைப் பொறுத்தது. உதாரணத்துக்கு ஸ்கைவார்ட்ஸில், கிலோக் கணக்கு நடக்கும் தடங்களில், சில்வருக்கு 12 கிலோ, கோல்டுக்கு 16, பிளாட்டினத்துக்கு 20 கிலோ கூடுதல். ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் இருக்கிறது. அதில் கோல்டு என்றால் கூட்டணியின் எந்த விமானத்திலும் 20 கிலோ, அல்லது பெட்டிக் கணக்கு நடக்கும் இடத்தில் ஒரு பெட்டி கூடுதல். அதே கூட்டணியில் சில்வர் வைத்திருப்பவருக்குப் பெட்டி விஷயத்தில் எதுவும் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை மகனைப் பார்க்கப் போகும் பெற்றோர் இந்தப் படிகளை எட்டுவது கடினம். எட்டிவிட்டால் சந்தோஷம், எட்டாததற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கிலோக் கணக்கு, பெட்டிக் கணக்கு என்று இரண்டு சொன்னேனே, அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். வளைகுடா, சிங்கப்பூர்ப் பக்கமெல்லாம் பெரும்பாலும் மொத்தக் கிலோதான். அமெரிக்கா, கனடா என்றால் பெட்டி. வழக்கமாக 23 கிலோவில் இரண்டு. அங்கே ஒரு பெட்டியில் 25, இன்னொன்றில் 20 என்று வைத்துவிட்டு "மொத்தம் 45தானே" என்று வாதாட முடியாது. இருபத்தைந்துக்குத் தண்டம் உண்டு. எந்தக் கணக்காக இருந்தாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள். கீழே அதைத் தூக்குகிறவர்களுக்கும் முதுகு இருக்கிறது. அதற்காகப் போட்ட விதி அது.

இப்போது எடைக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் எனக்கு ஆசை. எடை என்றால் என்னவென்று மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைக் கொழுந்தை நிறுத்துக் காசு வாங்கியே வளர்ந்த குடும்பங்கள் நாம். மழைக்காலத்தில் இலை நனைந்திருந்தால் ஈரத்துக்குக் கழிப்பார்கள், சாக்குக்குக் கழிப்பார்கள். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பதும், "அண்ணா, இன்னொரு தடவை வையுங்க" என்று கேட்பதும் நமக்குப் புதிதல்ல. விமான நிலையத்துத் தராசும் அந்தக் கொழுந்துத் தராசு மாதிரிதான், ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே சாக்குக்குக் கழிக்கமாட்டார்கள். பெட்டியின் எடையும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

இதை ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு இன்று பெரும்பாலும் 15 கிலோ. வீட்டில் இருக்கும் கெட்டியான பெரிய சக்கரப் பெட்டி சும்மாவே நாலு, ஐந்து கிலோ இருக்கும். அப்படியானால் உள்ளே வைக்கப் பத்துக் கிலோதான் மிச்சம். அதே பொருளைக் கேன்வாஸ் பையிலோ நல்ல அட்டைப் பெட்டியிலோ கட்டினால் மூன்று கிலோவுக்கு மேல் மிச்சப்படும். மூன்று கிலோ தேயிலைத் தூள் செய்யப் பன்னிரண்டு, பதிமூன்று கிலோ பச்சை இலை வேண்டும். யாரோ நாளெல்லாம் குனிந்து கிள்ளிய இலை அது, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்காக வீட்டிலேயே தங்கிவிடுகிறது!

ஓய்வு பெற்ற ஒரு டீ மேக்கர் என்னிடம் டிக்கெட் எடுப்பார். சிங்கப்பூரில் மகள் இருக்கிறாள். அவர் பெட்டி கட்டுவதைப் பார்க்க வேண்டும். கொக்கித் தராசு ஒன்றை உத்தரத்தில் மாட்டியிருப்பார். முதலில் வெறும் பையை நிறுத்து எழுதிக்கொள்வார். பிறகு தேயிலையில் டஸ்ட் தனி, ஆர்த்தடாக்ஸ் இலை தனி. டஸ்ட் இடம் அடைக்காது, எடைதான் ஏறும். ஆர்த்தடாக்ஸ் நேர்மாறு, எடையே இருக்காது, பையை நிரப்பிவிடும். அதனால் டஸ்ட்டை விமானத்தின் வயிற்றுக்கும், ஆர்த்தடாக்ஸைக் கையோடு கொண்டுபோகும் ஏழு கிலோ பைக்கும் பிரிப்பார். வர்க்கி பிஸ்கட்டும் கைப்பையில்தான், கீழே போட்டால் சிங்கப்பூரில் தூளாகத்தான் இறங்கும். பூண்டு, கருவாடு, மசாலா எதையும் தேயிலைப் பக்கத்தில் வைக்க விடமாட்டார். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதை அவர் தொழிலில் கண்டவர்.

ஒரு முறை அவரோடு நானும் கோவை விமான நிலையம் வரை போயிருந்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம், "முதல்ல ஜீரோ காட்டும்மா" என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "வெறும் தராசு ஜீரோவில் இருக்கணும் இல்லையா? அதைப் பார்த்துட்டுத்தான் பெட்டியை வைப்பேன்" என்றார். காட்டினார்கள். இருந்தது. பெட்டியை வைத்தார். அவர் வீட்டில் எழுதி வைத்த எடையே வந்தது. அந்த முகத்தில் வந்த திருப்தியை எந்த கோல்டு கார்டும் தராது! நேயர்களே, நீங்களும் அப்படிக் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எண் கூடுதலாகத் தோன்றினால் பக்கத்துக் கவுண்ட்டரில் வைத்துப் பார்க்கவும் கேளுங்கள்.

நீலகிரித் தைலம் கொண்டுபோகலாமா என்று கேட்பீர்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் எண்ணெய். ஏர்லைன்ஸைக் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். கொப்பரைத் தேங்காயும் கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

சரி, மெம்பர்ஷிப்புக்குத் திரும்புகிறேன், நேரம் ஓடுகிறது. கேத்திப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். "எம் மருமகன் கார்டு கோல்டுங்க. நானும் அவர் குடும்பம்தானுங்களே, எனக்கும் அந்த இருபது கிலோ உண்டுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கூடுதல் கிலோ பொதுவாகக் கார்டுக்காரருக்கு மட்டும்தான், அவர் அந்த விமானத்தில் ஏறினால்தான். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் கொஞ்சம் தாராளம்: மேல்படி மெம்பரோடு ஒரே முன்பதிவில் போகிறவர்களுக்கும் முதல் பெட்டி இலவசம் என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அங்கே அது பெரிய சலுகைதான். ஏனென்றால் 2008-ல் எரிபொருள் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று ஆரம்பித்தது, மற்றவர்களும் பின்னால் போனார்கள். பெட்டிக்குக் காசே வாங்கமாட்டோம் என்று பெயர் எடுத்த சவுத்வெஸ்டும் 2025 மே மாதம் வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆகவே மகன் வீட்டிலிருந்து இன்னொரு ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தால், மகனையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள், அவர் மேல்படி மெம்பராக இருந்தால்.

நம் நாட்டிலும் பெட்டிக்குக் காசு வாங்கும் இந்தக் கதை உண்டு. 15 கிலோவுக்கு மேல் 20 வரை கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ல் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டி.ஜி.சி.ஏ. உத்தரவு போட்டது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2017-ல் அந்த உத்தரவு ரத்தானது. அதன் பிறகு கட்டணம் அவரவர் வைத்ததுதான். 2021-ல் பெட்டியே இல்லாத டிக்கெட்டைக் குறைந்த விலையில் விற்கவும் அனுமதி வந்தது. கரிப்பூரிலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் போகிறவர்கள், லைட் என்று போட்டிருந்தால் அதில் கைப்பை மட்டும்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். விலையைப் பார்த்து எடுத்துவிட்டு, கவுண்ட்டரில் பெட்டியை வைத்தால் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போய்விடும்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகமாட்டேன். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு டிக்கெட், கோவையிலிருந்து சென்னைக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பது. அமெரிக்கா டிக்கெட்டில் 46 கிலோ. கோவையில் 15 கிலோ. மீதி 31 கிலோவுக்குக் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் என்று அங்கேயே கட்ட வேண்டும். மலையிறங்கி வந்த அலுப்பில், வழியனுப்ப வந்தவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து துணியை வெளியே எடுக்கிற காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோவையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் வழக்கமாக ஒரே பெட்டி விதிதான் முழுப் பயணத்துக்கும். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். 31 கிலோவுக்குக் கட்டுவதை அதோடு சேர்த்துப் பாருங்கள்.

கூட்டணியிலும் இப்படி ஒரு பொறி உண்டு. ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கிறது, கோவையிலிருந்து பறக்கும் அதன் ஸ்கூட் இல்லை. குடும்பம் ஒன்றுதான், சலுகை ஒன்றல்ல. கார்டு எந்தக் கூட்டணியுடையது என்பதைவிட, ஏறப்போகும் விமானத்தை ஓட்டுவது யார் என்று பாருங்கள். படியையும் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். வருடாவருடம் பறந்து காப்பாற்ற வேண்டும். கம்பெனியே நின்றுபோனால் படியும் போச்சு; 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது பிளாட்டினம்காரர்களுக்கும் அதே கதிதான்.

படி இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. லவ்டேல், கோத்தகிரி பக்கம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், கோவையில் கல்லூரியில் இருப்பவர்கள் ஸ்டூடன்ட் கட்டணத்தில் எடுத்தால் இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டிலும் பத்துக் கிலோ கூடுதல் உண்டு; அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். வெலிங்டனில் இருக்கும் படைவீரர்களுக்கும் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதில் எத்தனை கிலோ என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். மற்றவர்கள், கூடுதல் எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். கவுண்ட்டர் விலையைவிடக் குறைவு.

முடிக்கச் சொல்லி ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மெம்பர் எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே போடச் சொல்லுங்கள். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் கிலோ எல்லாருக்கும் பொதுவானது. உங்கள் படிக்கான கூடுதல் பெரும்பாலும் அதில் தெரியாது, அதனால் கார்டைக் கையில் வைத்திருங்கள். இந்த அளவுகளெல்லாம் அடிக்கடி மாறுகின்றன, கிளம்புவதற்கு முன் ஒரு முறை ஏர்லைன்ஸிடம் கேட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் இந்த வாரமே உட்கார்ந்து வெறும் பெட்டியை முதலில் நிறுத்துப் பாருங்கள்.