பொது இடத்தில் படம் பிடிக்கலாமா?

கடைத்தெரு வழியே நடந்து செல்லும் ஒருவர் தம் கண்ணில் படுவதையெல்லாம் பார்க்கலாம். பார்த்ததை வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதி வைக்கலாம். சித்திரம் வரையத் தெரிந்தவரானால் வரைந்தும் வைக்கலாம். அதற்கு எவரும் ஆட்சேபம் சொல்வதில்லை. ஆனால் அதே காட்சியைப் படம் பிடிப்பதற்காக அவர் காமிராவை உயர்த்தியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. கடைக்காரர் முகம் சுளிக்கிறார். வழிப்போக்கர் ஒருவர், "யாரைக் கேட்டு எடுக்கிறீர்கள்?" என்கிறார். காவலர் அருகில் வந்து, "இங்கே படம் எடுக்கக் கூடாது" என்கிறார். எந்தச் சட்டப்படி கூடாது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

ஒரு காலத்தில் காமிரா என்பது பத்திரிகைக்காரர்களிடமும், ஸ்டூடியோ வைத்திருந்தவர்களிடமும், வசதி படைத்த சிலரிடமும் மட்டுமே இருந்த சாதனம். இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் காமிரா வைத்திருப்பவரே. ஆகவே, பொது இடத்தில் படம் பிடிக்கும் உரிமை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது இன்று ஒரு தொழிலாரின் கேள்வியாக மட்டும் இல்லை. பிரஜைகள் அனைவரின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

பொது இடத்தில் படம் பிடிப்பதை அனுமதிக்கிறேன் என்றோ, தடை செய்கிறேன் என்றோ சொல்லும் தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. சட்டம் விலக்காததைச் செய்யும் சுதந்திரம் பிரஜைக்கு உண்டு என்பதே பொது விதி. நமது அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையையும் கருத்தை வெளியிடும் உரிமையையும் தருகிறது. எழுத்தையும் பேச்சையும் போலவே படமும் கருத்தை வெளியிடும் ஒரு சாதனந்தான். இந்த உரிமைக்கு அரசாங்கம் நியாயமான வரம்பு விதிக்கலாம். ஆனால் அந்த வரம்பு சட்டத்தின் மூலம் வரவேண்டும். சட்ட ஆதாரமில்லாத போலீஸ் இலாகா விதிகளைக் கொண்டு அடிப்படை உரிமையைக் குறைக்க முடியாது என்று கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962லேயே கூறியிருக்கிறது. இலாகா விதிக்கே இந்தக் கதி என்றால், ஓர் அதிகாரியின் வாய்வார்த்தை மட்டும் சட்டமாகிவிடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தடை உள்ள இடங்கள் எவை? இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது 1923ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம். 'தடை செய்யப்பட்ட இடம்' என்பது என்ன என்று அச்சட்டம் விளக்குகிறது. படைத் தளம், ஆயுதக் கிடங்கு, கடற்படைத் துறை போன்றவை அதில் அடங்கும். ரயில் பாதை, சாலை, மின்சார நிலையம், குடிநீர் நிலையம் போன்றவை தாமாகவே அந்தப் பட்டியலில் வந்துவிடுவதில்லை. அவற்றைப் பற்றிய தகவல் எதிரிக்குப் பயன்படும் என்ற காரணத்தைக் காட்டி, மத்திய அரசாங்கம் கெஜட்டில் அறிவிக்கை வெளியிட வேண்டும். அதன் நகலை ஆங்கிலத்திலும் அந்த வட்டாரத்து மொழியிலும் அவ்விடத்தில் ஒட்டி வைக்கவும் வேண்டும். தடை இருப்பது பிரஜைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நியாயம் அந்தப் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. மேலும், நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ பாதகமான நோக்கத்துடன் படம் எடுப்பதையே அச்சட்டம் பெருங்குற்றமாகக் கருதுகிறது.

இந்தச் சட்டத்தை எவ்வளவு தூரம் இழுத்துவிடுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்தின் வர்தாவில், காவல் நிலையத்துக்குள் நடந்த உரையாடலை ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்தார் என்று அவர்மீது அரசாங்க இரகசியச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை 2022இல் அந்த வழக்கை ரத்துச் செய்தது. சட்டம் தரும் விளக்கத்தில் காவல் நிலையம் இடம்பெறவில்லை. ஆகவே அது தடை செய்யப்பட்ட இடமாகாது என்று தீர்ப்பளித்தது.

காமிராவைப் பறிமுதல் செய்வதும் அப்படியே. ஒரு பொருள் குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால் போலீஸார் அதைக் கைப்பற்றலாம். ஆனால் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையிடுவதையும் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்றும், முடிந்தால் கைப்பேசியிலேயே செய்யலாம் என்றும் கூறுகிறது. இப்படிச் சட்டமே காமிராவைச் சாட்சியாக அழைத்திருக்கும்போது, நடுத்தெருவில் நின்று, "படத்தை அழித்துவிட்டுப் போ" என்று உத்தரவிடுவது எந்த நடைமுறையிலும் சேராது. படம் குற்றத்துக்குச் சான்றானால் அதைப் பாதுகாக்க வேண்டும். சான்றாகாவிட்டால் அதைத் தொடுவதற்கே காரணமில்லை.

பொதுமக்கள் வந்து போகும் எல்லா இடங்களும் தெருவைப் போன்றவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வணிக வளாகம், திரையரங்கு, பொருட்காட்சிச் சாலை ஆகியவற்றுக்கு உரிமையாளரோ நிர்வாகமோ உண்டு. உள்ளே வருவோருக்கு நிபந்தனை விதிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. படம் எடுக்க வேண்டாமென்று அவர்கள் சொன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். கோயில்களிலும் கட்டுப்பாடு உண்டு. திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மறுபுறம், மத்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை, அஜந்தா குகை ஓவியங்கள், தாஜ்மகாலின் சமாதி அறை போன்ற சில இடங்கள் நீங்கலாக, தன் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் பார்வையாளர் படமெடுப்பதை 2018இல் தாராளமாக்கியது.

இனி, கட்டடங்களையும் சிலைகளையும் படம் பிடிப்பது. அவற்றை ஆக்கிய கலைஞருக்குப் பதிப்புரிமை இருக்குமே, நாம் எடுக்கலாமா என்று சிலர் ஐயுறுவதுண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இந்த ஐயத்தைத் தீர்த்து வைக்கிறது. கட்டடக் கலைப் படைப்பையும், பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிற்பத்தையும் படமெடுப்பதும், அந்தப் படத்தை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகா. சென்னைக் கடற்கரையில் தேவிபிரசாத் ராய் சௌதுரி ஆக்கிய உழைப்பாளர் சிலையை எவரும் படம் பிடிக்கலாம். ஆனால் சுவரில் தீட்டிய ஓவியத்துக்கு இந்தச் சலுகையை அப்பிரிவு சொல்லவில்லை. எடுத்த படத்துக்கு உரியவர் யார் என்றால், படம் எடுத்தவரே அதன் ஆசிரியர் என்கிறது சட்டம். கூலி கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. 2012இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, மற்ற கலைஞர்களைப் போலவே படம் எடுத்தவருக்கும் அவர் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டுகளும் பாதுகாப்புக் கிடைக்கிறது.

இதுவரை இடங்களையும் பொருள்களையும் பற்றிப் பார்த்தோம். பிரச்சினை கடினமாவது மனிதரிடத்தில்தான். தெருவில் நடப்பவர் பிறர் கண்ணில் படச் சம்மதித்தே நடக்கிறார். ஆகவே அவர் உருவம் படத்தில் விழுவது தவறாகாது என்று வாதிக்கலாம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தபோது, பொது இடத்துக்கு வந்துவிட்ட காரணத்தாலேயே ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. அந்தரங்கம் வீட்டுச் சுவரைச் சார்ந்ததன்று, மனிதரின் கண்ணியத்தைச் சார்ந்தது என்பது அதன் சாரம்.

அப்படியானால் இந்த இரண்டு உரிமைகளும் மோதிக்கொள்ளாவா? சட்டங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். எடுப்பது ஒரு செயல். வெளியிடுவது வேறொரு செயல். எடுப்பதைச் சட்டம் சில இடங்களில்தான் குற்றமாக்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவர் உடலின் மறைவான பகுதிகளை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதைத் தண்டிக்கிறது. அவர் பொது இடத்தில் இருந்தாலும் சரியே என்று தெளிவாகச் சொல்கிறது. வெளியிடுவதற்கோ வரம்புகள் அதிகம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. வழக்கில் சிக்கிய அல்லது பாதுகாப்பு நாடி வந்த குழந்தையின் படத்தை வெளியிட 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பாரதிய நியாய சங்கிதையின் 77ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. ஒரு பெண் தன் அந்தரங்கமான நிலையைப் படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லையென்றால், காட்டுவது குற்றம் என்கிறது. விளம்பரத்துக்காக ஒருவர் உருவத்தை அவர் சம்மதமின்றிப் பயன்படுத்துவது அந்தரங்க மீறல் என்று 1994இல் 'நக்கீரன்' ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவு சிக்கல் எதற்கு, பொது இடத்தில் மனிதரைப் படமெடுப்பதையே தடுத்துவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் 1943ஆம் ஆண்டின் கல்கத்தாவை நினைத்துப் பார்க்க வேண்டும். வங்கத்துக் கிராமங்களிலிருந்து பசியோடு வந்தவர்கள் அந்நகரத்து நடைபாதைகளில் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். யுத்த காலக் கட்டுப்பாடுகளால் பஞ்சத்தைப் பற்றிய செய்தி வெளியுலகுக்குச் சரியாக எட்டவில்லை. அந்நிலையில் ஆகஸ்டு 22ஆம் தேதி, ஐயன் ஸ்டீபன்ஸ் ஆசிரியராக இருந்த 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை, தெருக்களில் கண்ட காட்சிகளைப் புகைப்படங்களாக வெளியிட்டது. சொற்களால் மூடி வைத்திருந்ததைப் படங்கள் திறந்து காட்டின. சுனில் ஜானா அந்தப் பஞ்சத்தில் எடுத்த படங்களும் நாடெங்கும் மக்கள் மனத்தை உலுக்கின. அப்பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் 15 லட்சம் என்று விசாரணைக் கமிஷன் கணக்கிட்டது. 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கருத்து. சம்மதம் பெற்றே எடுக்க வேண்டுமென்ற விதி அன்று இருந்திருந்தால், நடைபாதையில் கிடந்தவரிடம் யார் போய்ச் சம்மதம் கேட்டிருக்க முடியும்?

1984இல் போபாலில் விஷவாயுவுக்குப் பலியான ஒரு குழந்தையை மண்ணில் புதைக்கும் தறுவாயில் ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியுவும் படம் எடுத்தார்கள். அந்தக் குழந்தை இன்னாருடையது என்று அறியப்படவில்லை. அப்படத்தைக் காண்பவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். ஆயினும் ஆயிரம் அறிக்கைகள் சொல்லாததை அது சொல்லிற்று. துயரத்தைப் படமெடுப்பதற்கு நியாயம் உண்டென்றால், அத்துயரத்துக்குக் காரணமானவர்களைக் கேள்வி கேட்க அந்தப் படம் உதவும் என்பதே அந்த நியாயம். வெறும் வேடிக்கைக்காக, சாலை விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைச் சூழ்ந்து நின்று கைப்பேசியை நீட்டுபவர்கள் இந்த நியாயத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

ஆகவே காமிராக்காரர் சில பழக்கங்களைக் கைக்கொள்வது நல்லது. தடுத்து நிறுத்தப்பட்டால், எந்த விதியின்படி என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அறிவிப்புப் பலகை இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கருவியைக் கைப்பற்றினால் அதற்கு எழுத்து மூலமான சீட்டுக் கேட்டுப் பெற வேண்டும். காவலரின் கடமைக்குக் குறுக்கே நிற்காமல் விலகி நின்றே எடுக்க வேண்டும். இவை அவருடைய உரிமையைக் காக்கும் பழக்கங்கள். எதிரே இருப்பவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டால் காமிராவைத் தாழ்த்திவிட வேண்டும். குழந்தையானால் உடன் இருக்கும் தாய் தந்தையரைக் கேட்க வேண்டும். ஏழையின் வறுமையை எடுக்கும்போது, அதே இடத்தில் தம் சகோதரர் இருந்தால் இப்படி எடுப்போமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவை அவருடைய கடமைகள். இவற்றுள் பலவற்றைச் சட்டம் வற்புறுத்துவதில்லை.

பொது இடத்தில் நிற்பவருக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்குச் சட்டம் பெரும்பாலும் ஆம் என்றே விடை தருகிறது. அந்த விடையை எவரும் எளிதில் பறித்துவிட நாம் இடங்கொடுக்கக் கூடாது. வெளியிடலாமா என்ற கேள்விக்குச் சட்டம் பாதி விடைதான் தருகிறது. எடுத்த படத்தை ஒரு விநாடியில் ஊர் முழுவதும் அனுப்பிவிடக்கூடிய இந்நாளில், மீதிப் பாதி விடையை அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியிடம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.